நூலக விழாவில் என் நன்றியுரை

பிப். 4, புதன்

காலையில் பனி. எதிர் வீடு தெரியவில்லை. காஸ் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

மதியம் ஊரிலிருந்து நூலக விழா அழைப்பிதழ். கூடவே விழா மலர். முதல் பக்கத்திலேயே 'நமது நூலக வரலாறு'. புயலில் கூரை போன நூலகத்தை மீட்டுத் தந்தவர் முன்னாள் ஊராட்சித் தலைவர் தணிகாசலமாம்.

மீட்டவரா? நனைந்த புத்தகங்களை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்து கொடியில் போட்டு உலர்த்தியது அம்மா. அப்போது பகுதி நேர நூலகர். எங்கள் கூடத்திலேயே நூலகம் நடந்தது. பேப்பர் படிக்க வருகிறவர்களுக்கு இடம் விட்டு நாங்கள் அடுப்படியில் சாப்பிட்டோம். கட்டடத்துக்குக் கூரை போட்டதும் இந்த மனுஷன் அதில் தன் யூரியா மூட்டைகளை அடுக்கினார். கேட்டதற்கு, "புஸ்தகமா நெல்லு வெளைய வைக்குது?" அம்மா திங்களுக்குத் திங்கள் கடலூர் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துக் கொடுத்துத்தான் மூட்டைகள் வெளியேறின.

மலரில் அம்மா பெயர் எங்குமே இல்லை. படித்துக் காட்டினேன்.

"வுட்டுத் தொலைடி. பேரு இருந்தா சோறா போடப் போவுது?"

விட மாட்டேன்.

பிப். 6, வெள்ளி

விழாச் செயலாளர் முருகையன் போன். "அக்கா, மேடையில ஒரு லேடீஸாவது இருக்கணும்னு சொல்றாங்க. நன்றியுரை நீங்க பண்ணிடுங்க."

பக்கத்திலிருந்த தணிகாசலம் போனை வாங்கினார். "ரெண்டு வார்த்தை போதும்மா. ஆனா ஒரு பேரும் வுட்டுப்போவக் கூடாது. கோச்சிக்குவாங்க."

"சரிங்க மாமா." தேனாகப் பேசினேன்.

அவர் சொன்னது வாஸ்தவம். பந்தியில் இலை போட மறந்தால்கூட எங்கள் ஊரில் மன்னிப்பார்கள். நன்றியுரையில் பெயரை விட்டால் நல்லது கெட்டதுக்கு வரமாட்டார்கள்.

நீலப் புடவை இஸ்திரி. மாத்திரை இன்னும் வாங்கவில்லை.

பிப். 8, ஞாயிறு

விழா. நல்ல வெயில். தணிகாசலம் ஜாஸ்தி நேரம் பேசினார். "நான் இல்லாங்காட்டி இங்க லைப்ரரியே கெடையாது." அம்மா கடைசி வரிசையில், முந்தானையால் விசிறிக்கொண்டு.

சாப்பாட்டுப் பொட்டலம் கடைசியில்தான். அதனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. எனக்கும் அதுதான் வேண்டும்.

ஆரம்பித்தேன். அதிகாரிகள், பந்தல்காரர், மைக் செட், டீ கொடுத்தவர், செருப்பைப் பார்த்துக்கொண்டவர். பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக எழுந்து கும்பிட்டார்கள், எங்கள் ஊர் வழக்கப்படி. தணிகாசலம் துண்டைச் சரிசெய்துகொண்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"நிறைவாக," என்றேன். எழுந்தே விட்டார். கைகூப்பி, சிரித்த முகமாக.

"தன் வீட்டுக் கூடத்தில் நூலகம் நடத்தியவர், மனு மேல் மனு கொடுத்து யூரியா மூட்டைகளை வெளியேற்றியவர், நம் நூலகர் ராஜலட்சுமி அம்மாவுக்கு நன்றி."

கூட்டம் மொத்தமும் பின்னால் திரும்பிக் கைதட்டியது. அம்மா எழுந்து கும்பிட்டாள். தணிகாசலம் மைக்கை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"நாட்டுப்பண்," என்றேன்.

மைக் செட்காரர் போட்டுவிட்டார். எல்லோரும் விறைப்பாக நின்றோம். அவரும்தான், வாயை மூடிக்கொண்டு. அந்த முகத்தைப் பார்த்தபடியே முழுதும் பாடினேன். அப்படி இனித்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டப் போகிறாள் என்று இருந்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சொன்னாள்.

"ஏண்டி, அதுக்குள்ள பாட்டப் போடச் சொல்லிட்ட? கும்புட்ட கையோட அந்தாள இன்னும் செத்த நேரம் நிக்க வுட்டிருக்கலாம்."