நான் ஏலத்தில் எடுத்த என் மகளை விடுவிக்கக் கோரி

அனுப்புநர்
வ. தன்யகுமார்,
நாளிதழ் நிருபர்,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.

பெறுநர்
மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: மகளிர் கபடி லீக் வீராங்கனையர் ஏலத்தில் நான் கேட்டதை ரத்து செய்து, என் மகள் த்ரிசலாவை வேறு அணியில் ஆட அனுமதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மாவட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகச் செய்தி சேகரித்து வருகிறேன். மேற்படி ஏலம் நடந்த திருமண மண்டபத்துக்கும் அந்த வகையில்தான் சென்றேன். கல்லூரி மாணவியான என் மகளும் ஏலத்தில் இருந்தாள்.

2. பெயர் அழைக்கப்பட்டதும் த்ரிசலா மேடையேறி நின்றாள். எந்த அணியின் மேசையிலிருந்தும் ஒருவரும் கேட்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் திரு. பரசுராமன் ஒரு தரம், இரண்டு தரம் என்றார். அவள் பனியனின் நுனியைத் திருகியபடி தரையைப் பார்த்தாள். செய்தியாளர் வரிசையிலிருந்த நான் கையை உயர்த்திவிட்டேன்.

3. அணி உரிமையாளர் அல்லாதவர் கேட்க விதியில்லை. திரு. பரசுராமன் மறுத்திருக்க வேண்டும். மாறாக, "சார் எடுத்துட்டாரு, கை தட்டுங்க" என்று அறிவித்து எனக்குச் சால்வை போர்த்தினார். நானும் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

4. பின்னர் ஓர் அணியின் மேலாளர் திரு. காசி என்னிடம் வந்தார். "இன்னா சார் பண்ணிட்டீங்க? ரெண்டாவது சுத்துல ரேட்டு கம்மியாகும்னுதான் சும்மா இருந்தோம். பொண்ண நாங்கதான் எடுக்கறதா இருந்தோம்" என்றார். முதல் சுற்றில் எவரும் ஏலம் கேட்காத வீராங்கனையர் பாதி விலைக்கு மீண்டும் ஏலத்துக்கு வருவார்களாம். மேடையில் நின்ற எல்லாப் பெண்களுக்கும் அது தெரிந்திருந்தது. அந்த மௌனத்தை அவமானம் என்று எண்ணியவன் மண்டபத்தில் நான் ஒருவனே.

5. விதிப்படி இந்தப் பருவம் முழுவதும் அவள் ஏலத்தில் எடுத்தவரின் அணிக்கே, அதாவது என் அணிக்கே ஆட வேண்டும். என் அணியில் வேறு எவரும் இல்லை. மாநில அணித் தேர்வாளர்கள் பார்க்க வருவது இந்தத் தொடருக்குத்தான். விடுவிக்கக் கேட்டபோது, "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் வந்து நிப்பாங்க சார்" என்றார் திரு. பரசுராமன். பயிற்சியில் தோழிகள் அவளை 'அப்பா டீம்' என்று அழைக்கிறார்கள். வீட்டில் அவள் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டாவது சுத்துக்குத்தாம்பா நின்னுட்டிருந்தேன்."

6. ஆடிப் பௌர்ணமிக் கூட்டம் கலைந்ததும் தொடர் தொடங்குகிறது. அரங்கை வழங்கியிருப்பது தங்கள் அலுவலகம். தொடர் தொடங்குவதற்குள் நான் கேட்டதைச் செல்லாது என அறிவித்து, அவளைத் திரு. காசியின் அணி எடுத்துக்கொள்ள வழிசெய்யுங்கள். ஏலத்துக்குக் கட்டிய தொகையை நான் திரும்பக் கேட்கவில்லை. அவள் ஆடும் நாட்களில் செய்தி சேகரிக்கக்கூட அரங்குக்கு வரமாட்டேன் என்று எழுதித் தருகிறேன்.

7. மனுவில் வீராங்கனையும் கையொப்பமிட வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் கூறினார்கள். அவளிடம் போய்க் கேட்க எனக்கு முகமில்லை. அவளுக்கான இடத்தைக் கீழே விட்டிருக்கிறேன். தாங்கள் அழைத்தால் வருவாள்.

இடம்: வேங்கிக்கால்
நாள்: 28.07.2025

இப்படிக்கு,
வ. தன்யகுமார்

வீராங்கனையின் கையொப்பம்: