சுவர் பிடித்து வைத்த வெயில்

ஐப்பசி 28
எம்சிபி, கரண்ட் மிஞ்சினால் தானே அணைந்துகொள்ளும் அந்தச் சுவிட்ச், மறுபடியும் விழுந்தது. இறால் வைக்கிற ஃபிரீசரும் கிரைண்டரும் சேர்ந்து ஓடினால் போதும், டப்பென்று வீடே இருட்டு. தூளியில் பாப்பா வீலென்று அழுதாள். "ஒரே ரோதனை" என்று என் வீட்டுக்காரர் சுவிட்ச் பெட்டியை ஒரு தட்டு தட்டினார். எனக்குச் சிரிப்பு.

கார்த்திகை 3
பொன்னேரியில் பழைய சாமான் கடையிலிருந்து பெரிய எம்சிபி வாங்கி வந்து தானே மாட்டிவிட்டார். பழையது பதினாறு ஆம்ப், இது முப்பத்திரண்டு. கம்பெனியும் வேறு, பெட்டியில் உட்காராமல் ஆடியது, அட்டையை மடித்துச் சொருகினார். "இனிமே விழாது பாரு, கஸ்தூரி." கெட்டிக்காரர்தான்.

கார்த்திகை 7
விழவே இல்லை. அந்தத் தைரியத்தில் இன்னொரு ஃபிரீசரும் வந்துவிட்டது.

கார்த்திகை 10
தூளி மூலையில் சுவர் இதமாக இருக்கிறது. பகல் வெயிலைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது போலும். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு முதுகைச் சாய்த்தால் கண் சொக்குகிறது. ஏரியில் பூநாரைகள் பேசுவது தூக்கத்துக்குள்ளேயே கேட்கிறது. நான் எங்கே முடிகிறேன், சுவர் எங்கே தொடங்குகிறது? எழுந்திருக்கவே மனமில்லை.

கார்த்திகை 14
விடாத மழை. ஏரியும் வானமும் ஒரே சாம்பல். ஊர்க்கோடியில் அந்தக் காலத்து டச்சுக்காரர் கல்லறைக் கல்லெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும்.

சுவர் மட்டும் சூடு. எந்த வெயில் இது?

தடவிப் பார்த்தேன். பெட்டியிலிருந்து ஃபிரீசர் வரை, கோடு போட்ட மாதிரி, தூளிக்குப் பின்னாலேயே — ஐயோ, ஒயரு! எம்புள்ளைய இங்கியா படுக்க வெச்சேன்? தூளியை அவிழ்த்து எதிர் மூலைக்கு மாற்றினேன். ஃபிரீசர் இரண்டையும் அணைத்தேன். அவர் வந்ததும் சண்டை. "விழாமதானே இருக்குது, இன்னா உனக்கு?" என்று திரும்பப் போட்டுவிட்டார்.

கார்த்திகை 15
மழை விட்டது. அவர் படகு நங்கூரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தடிக்கயிற்றை அதன் அடியில் முடிந்து, மேல் வளையத்தோடு மெல்லிய நூலால் ஒரு கட்டு. வழக்கம்தான்; இன்றுதான் கேட்கத் தோன்றியது.

"நூலு எதுக்கு?"

"கல்லுல மாட்டிக்கிச்சுன்னா நூலு அறுந்துடும். நங்கூரம் தலைகீழாத் திரும்பிக் கயண்டு வந்துடும்."

"அதையும் தடியாக் கட்டிட்டா?"

"போட்டே மாட்டிக்கினு —"

நங்கூரத்தைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். உள்ளே போய்ச் சுவரில் கை வைத்தார், வெகுநேரம் எடுக்கவில்லை.

"புள்ள இங்கியா தூங்குச்சு?" என்று மட்டும் கேட்டார்.

கார்த்திகை 18
எலக்ட்ரீஷியன் மாசிலாமணி வந்தார். உருவிய ஒயரின் தோல் கருகி உதிர்ந்தது. புது ஒயர், பெட்டியின் அதே கம்பெனியில் பதினாறு ஆம்ப் எம்சிபி. கிளிக்கென்று உட்கார்ந்தது. இரண்டாவது ஃபிரீசரை அவரே தூக்கிப்போய் விற்றுவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர்.

மார்கழி 2
அரைத்தூக்கத்தில் ஃபிரீசர் ஓடுவதை மறந்து கிரைண்டரைப் போட்டுவிட்டேன். டப். இருட்டு.

பாப்பா அசையவில்லை. வாசலிலிருந்து அவர் குரல், நல்ல சேதி சொல்வது போல: "கஸ்தூரி, விழுந்துடுச்சு!"

சுவரைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.