கரட்டில் நின்று நீங்கள் கைகாட்டிய ஊர்கள்

மதினி,

என் சேலைக் கரையெல்லாம் ஒட்டுப்புல். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கைக்குட்டையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். தரையில் போட்டால் கூட்டுகிற அம்மா என்னைச் சும்மா விடமாட்டார். எதிரே ஒரு கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே உங்கள் மகள் ரீத்தா படுத்திருக்கிறாள். நெஞ்சில் பசை மாதிரி எதையோ தடவி, ஒரு கருவியை வைத்து இதயத்தைப் படம் பிடிக்கிறார்களாம். எக்கோ என்கிறார்கள். வலிக்கவே வலிக்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு வலிக்காது, சரி. நான்தான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சும்மா உட்கார முடியாமல் செல்போனை எடுத்து உங்களுக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் நெருங்குகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் அழுவேன் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரை, அதைவிட்டால் ரயில்வே பாலம். வேடசந்தூர் மில்லில் என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்துத் திண்டுக்கல்லுக்கு வந்தால், வாசலைத் திறந்ததும் ஒரு பாறைக் குன்று எதிரே நிற்கிறது. முதல் வாரம் முழுக்க அது உருண்டு வீட்டின் மேல் விழுமோ என்றுதான் எனக்குக் கவலை. அவர் காலையில் மில் பஸ் ஏறியதும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடப்பேன். பக்கத்து வீட்டில் உங்கள் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். அது நின்றால், ஏன் நின்றது என்று அதற்கும் ஒரு கவலை.

ஒருநாள் நீங்களே வந்து கதவைத் தட்டினீர்கள். "என்ன மதினி, பட்டப்பகல்ல பூட்டிக்கிட்டு உள்ள என்னத்தக் காக்குறீங்க?" எங்கள் பக்கம் அண்ணி என்போம்; மதினி என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நான் விழித்ததைப் பார்த்து நீங்களே உறவைப் பங்கு பிரித்துக் கொடுத்தீர்கள். "நீங்க எனக்கு மதினின்னா ஒங்க வீட்டுக்காரர் எனக்கு அண்ணன். எங்க வீட்டுக்காரர் ஒங்களுக்கு அண்ணன். எம்மகளுக்கு நீங்க அத்தை. அம்புட்டுத்தான், முடிஞ்சிருச்சு." வாடகை வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு குடும்பத்தையே கொடுத்துவிட்டு, டீ கேட்டீர்கள்.

அதே வாரம், "சாயங்காலம் கரட்டுக்குப் போவமா மதினி?" என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர், என் புது அண்ணனுக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வேலை என்று முன்பே சொல்லியிருந்தீர்கள் அல்லவா, எனக்குக் கேரட்டு என்றுதான் காதில் விழுந்தது. மலிவாகக் கிடைக்கும்போல என்று பெரிய கட்டைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெரு முடிந்தது. வீடுகள் முடிந்தன. கருவேலம் தாண்டிக் கல்லும் முள்ளுமாக ஏறுகிறோம், கடையைக் காணோம். "கிலோ என்ன விலை போகுதுங்க?" என்று கேட்டேன். "எது?" என்றீர்கள். "கேரட்டு." நீங்கள் அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். இந்தப் பக்கம் சின்னப் பாறைமலைக்குக் கரடு என்று பெயர் என்பதை எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "அண்ணே, மதினி கரட்டையே வெலைக்கு வாங்கப் பைய எடுத்துட்டு வந்துருச்சு" என்று போட்டுக்கொடுத்துவிட்டீர்கள்.

அப்படி ஆரம்பித்தது நம் நடை. கல் உடைத்த குழியின் ஓரமாக ஒரு வழி, ஆடுகள் போய்ப் போய் விழுந்த தடம், பின்பக்கம் புளியமரத்தடியிலிருந்து ஏறுகிற வழி என்று ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடித்து வந்ததும் கோயில் சேலையை மாற்றிவிட்டு வாசலில் வந்து நிற்பீர்கள். சிறுமலை அடிவாரம்வரை பஸ்ஸில் போய் நடந்ததும் உண்டு. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பாம்பு வருமா என்பேன். "அதுக்கு வேற சோலி இல்லையா" என்பீர்கள். வழி தப்பிவிட்டால் என்பேன். "கீழ எறங்குனா ஊரு. இதுல என்னத்தத் தப்ப?" சிறுமலைப் பக்கம் காட்டுமாடு வந்தால் என்று கேட்டதற்கு, "அது ஒங்களப் பாத்துப் பயந்துரும் மதினி" என்றீர்கள்.

நீங்கள் அடிக்கடி நிற்பீர்கள். நின்று கையை நீட்டுவீர்கள். "அந்தா, பொகையாத் தெரியுதுல்ல, அந்தத் தெசதான் வேடசந்தூரு. இந்நேரம் மில்லுல அண்ணன் டீ குடிச்சிட்டு இருப்பாரு." "அங்கிட்டு ரோடு வளையுது பாருங்க, அது வடமதுரைக்குப் போறது. எங்கப்பா தோட்டம் அதுக்கும் அங்கிட்டு." மலைக்கோட்டை, ரயில் பாதை, தென்னந்தோப்பு, பூந்தோட்டம் எல்லாவற்றையும் அப்படி நின்ற இடங்களில்தான் தெரிந்துகொண்டேன். எந்தத் திசையில் எந்த ஊர் என்று தெரிந்த பிறகு எனக்கு ராத்திரியில் நல்ல தூக்கம் வர ஆரம்பித்தது.

போகப் போக நிற்பது கூடிப்போனது. ஒருநாள் ஒரே ஏற்றத்தில் திரும்பத் திரும்ப மலைக்கோட்டையையே காட்டினீர்கள். "மூச்சு வாங்குதா மதினி?" என்று கேட்டேன். கேட்டேனா இல்லையா, சொல்லுங்கள். "எனக்கா? ஒங்க மொகத்தப் பாருங்க, வெளுத்துக் கெடக்கு. செத்த நில்லுங்க, காத்து நல்லா வருது" என்றீர்கள். நான் என் முகத்தைத் துடைத்துக்கொண்டு மலைக்கோட்டையைப் பார்த்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் உங்கள் மிஷின் சத்தம் நின்றது. சாப்பிடப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். ஜாக்கெட் வாங்க வந்த டீச்சர் அலறியதும்தான் ஓடி வந்தேன். மிஷின் மேல் சாய்ந்து கிடந்தீர்கள், உயிர் இல்லை. இதயம் என்றார்கள். அதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கிற நிலையில் யாரும் இல்லை. ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டு அண்ணனிடம் சொன்னது நான்தான். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் ரீத்தாவைக் கரட்டுப் பக்கம் விடவில்லை. நானும் போகவில்லை.

இப்போது ரீத்தாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் அம்மா நடந்த வழியில் ஒரு தடவையாவது ஏற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நேற்று அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, ஒன்னைய நம்பித்தான் அனுப்புறேன். பத்திரமா கூட்டியாந்துரு." அவ்வளவுதான். எனக்கு இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று. தண்ணீர், குளுக்கோஸ், கம்பு, ஒரு விசில்கூட எடுத்து வைத்தேன். "அத்தை, கரட்டுக்குப் போறோமா, பார்டருக்குப் போறோமா?" என்று கேட்டாள். அப்படியே உங்கள் வாய்.

காலையில் நல்ல பனி. அவள் முன்னால், நான் பின்னால். கல்குழி தாண்டிய ஏற்றத்தில் அவள் நின்றாள். கையை நீட்டினாள். "அத்தை, அந்தா பாருங்க, வடமதுரை ரோடு."

பார்த்தேன். பனியைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்துப் புதரே தெரியாத பனியில் இவளுக்கு வடமதுரை ரோடு எப்படித் தெரிகிறது என்று திரும்பினேன். ஒரு கை நீண்டிருக்கிறது. இன்னொரு கை துப்பட்டாவுக்குள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறது. உதடு வெளுத்து, வாயால் மூச்சு விடுகிறாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது மதினி. வேடசந்தூர், வடமதுரை, மலைக்கோட்டை, உங்கள் அப்பா தோட்டம் என்று நீங்கள் காட்டிய ஒவ்வொன்றும் உங்களுக்கு மூச்சு வாங்கிய இடம். எனக்கு ஊரைக் காட்டுகிறீர்கள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணை உங்கள் மேலிருந்து திருப்பிவிட்டிருக்கிறீர்கள்.

"எறங்கு" என்றேன். "ஒன்னுமில்ல அத்தை. செத்த நின்னா சரியாயிரும். அம்மாவும் இப்படித்தான நிப்பாங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தனக்கும் கொஞ்ச நாளாக இப்படி இருப்பதை, அப்பா வேலைக்கு அனுப்பமாட்டார் என்று மறைத்திருக்கிறாள். நான் யாரையும் அதட்டிப் பேசாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அந்தக் கரடே கேட்கக் கத்தினேன். கையைப் பிடித்து, உட்கார வைத்து உட்கார வைத்து இறக்கி, ஆட்டோ பிடித்து நேராக இங்கே கொண்டுவந்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். "நீங்க யாரு?" என்றார். "அத்தை" என்றேன். "ஒங்களுக்கு நெஞ்சுல எதுவும் தொந்தரவு உண்டா?" இவ்வளவு அக்கறையாக யாரும் என்னைக் கேட்டதில்லை. "உண்டு டாக்டர். எதுக்கெடுத்தாலும் படபடன்னு அடிச்சுக்கும்." "ஒங்க அப்பாவுக்கு?" "அவரு நெஞ்சுவலி வந்துதான் போய்ச் சேந்தாரு டாக்டர்." அவர் மளமளவென்று எழுதுகிறார். ரீத்தா படுத்தபடியே, "ஐயோ அத்தை" என்றாள். "டாக்டர், இவங்க எங்கப்பா கூடப் பொறந்தவங்க இல்ல. பக்கத்து வீடு." அப்பாவோடு பிறந்தவளும் அத்தைதான், மாமன் பெண்டாட்டியும் அத்தைதான், நான் எந்த அத்தை என்று அந்த டாக்டர் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எழுதியதையெல்லாம் அடித்தார். "அப்ப ரத்த சொந்தம் இல்ல" என்றார். "இல்ல டாக்டர்" என்றேன். உண்மைதான்.

"இவங்க அம்மா எங்க?" என்று அடுத்துக் கேட்டார். சொன்னேன். மிஷின் மேல் சாய்ந்து கிடந்தது, அதற்கு முன்னால் கரட்டில் நின்று நின்று ஏறியது, எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு, "மொதல்ல எக்கோ எடுத்துருவோம்" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்துதான் இப்படி உட்கார்ந்து புல்லைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டேன். மறுபடியும் அதே நம்பருக்கு, அதே நான். எடுத்ததும், "ரீத்தா நல்லாருக்கா" என்பதைத்தான் முதலில் சொன்னேன்.

கதவு திறக்கிறது.

மிச்சத்தை இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதயத்தின் தசை தடித்துப்போயிருக்கிறதாம், குடும்பத்தில் வழிவழியாக வருவதாம். உங்களுக்கும் இதுதான் இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் நினைக்கிறார். "இப்பவே தெரிஞ்சது ரொம்ப நல்லது. இன்னும் கொஞ்ச நாள் ஓடி ஆடித் திரிஞ்சிருந்தா என்ன வேணாலும் ஆகியிருக்கும்" என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். மதுரையில் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் கோயம்புத்தூர். ஓடக் கூடாது, மலை ஏறக் கூடாது, சமதரையில் மெதுவாக நடக்கலாம்.

அண்ணன் மார்க்கெட் சட்டையோடு வந்தார், தோளில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அவளும் இப்படித்தான் கையக் காட்டுவாளா தங்கச்சி?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். "மாடிப்படி ஏறுறப்ப பாதியில நிப்பா. அந்தா நெலாவப் பாருங்கம்பா. நானும் பாத்தேன்" என்றார்.

இதற்குத்தான் கோபம். அந்த மனுஷனை நிலாவைப் பார்க்க வைத்தீர்கள், என்னை மலைக்கோட்டையைப் பார்க்க வைத்தீர்கள். நான் பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொன்னீர்களே, உங்கள் பயத்தில் கொஞ்சத்தை என்னிடம் கொடுத்திருந்தால் என்ன? நான் பத்திரமாகப் பயந்திருப்பேன். அன்றைக்கே உங்களை இழுத்துக்கொண்டு போய் அந்த டாக்டர் முன்னால் உட்கார வைத்திருப்பேன்.

ரீத்தா அழுதாள். நோய்க்காக இல்லை, இனி ஏற முடியாது என்பதற்காக. எனக்கு என்ன தோன்றியதோ, "ஏறாட்டி என்ன, கரட்டச் சுத்தி வருவோம்" என்று சொல்லிவிட்டேன். அடிவாரத்தை ஒட்டி ஒரு வண்டித்தடம் போகிறது. அந்தப் பக்கம் நீங்களும் நானும் போனதே இல்லை. அங்கே நாய் இருக்குமா, கிணறு இருக்குமா, வழி எங்கே போய் முடியும், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனாலும் டாக்டரிடம் கேட்டு, அண்ணனிடமும் கேட்டாகிவிட்டது. மதுரைக்குப் போய் வந்ததும் கிளம்புகிறோம்.

அவள் பக்கத்திலேயே நடப்பேன். அவள் எதைக் காட்டினாலும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். மூச்சு வாங்குதா என்று கேட்பேன். ஒன்னுமில்ல என்பாள், மறுபடியும் கேட்பேன். எரிச்சல்படுவாள், அப்போதும் கேட்பேன். கோயம்புத்தூருக்குப் போன பிறகும் போனில் கேட்பேன். உங்களிடம்தான் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன் மதினி.