ரத்த மாத்திரை தின்ன கெலி மீன்கள்

என்னங்க, என்னை விட்டுப் போயும் வீட்டை விட்டுப் போகாதவரே,

வர்ற மாசம் உங்க வருஷத் திதி. நமக்குப் பிள்ளை இல்லை, உங்க தம்பி கேசவன்தான் உட்காரணும். அவனை உட்கார விடலாமா? உங்களைத்தான் கேட்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால தொட்டியில நீங்க வளர்த்த கெலி மீனு, அந்தக் கெளுத்தியெல்லாம் செத்து மிதந்த அன்னைக்கு, எவனோ விஷம் வச்சிட்டான்னு கத்தினீங்க. கத்தும்போது கேசவன் வீட்டுப் பக்கம் பார்த்தீங்க. அந்த வாரமே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டீங்க. மீனு சாகறதுக்கு முன்னாடி அவன் தொட்டிகிட்ட தீனி வாளியோட நின்னதை நானும் பார்த்தேன். அப்புறம் அவனோட பேச்சு இல்லை.

போன வாரம் அவனே வந்து நின்னான். "அண்ணி, மீனு செவுளு வெளுத்துக் கிடந்துச்சு. ரத்தம் இல்லைன்னு நினைச்சு, மாலாவுக்குக் கிளினிக்ல குடுத்த ரத்த மாத்திரையை இடிச்சுத் தீனியில கலந்துட்டேன்."

அவன் பொண்டாட்டி மாலா அப்போ மாசமா இருந்தா. அவளைத் தனியா கேட்டேன். "அதைத் தின்னா குமட்டும் லா அக்கா, அவர்தான் எடுத்துட்டுப் போனாரு"ன்னா. ரெண்டு பேரும் ஒரே கதை. பேசி வச்சிருப்பாங்களோ?

இரும்புச்சத்து மாத்திரை மீனைக் கொல்லுமா? பஸ் ஏறி கோலசிலாங்கூர் போய், மீன் இலாகாவுல வேலை பார்க்கிற பொண்ணைக் கேட்டேன். யாருக்கு வேண்டியவளோன்னு கேசவன் பேரைச் சொல்லலை.

மீன் ரத்தத்துல ஒரு புரதம் இருக்காம், டிரான்ஸ்பெரினோ என்னமோ. இரும்பை இறுக்கிப் பிடிச்சு, வேணுங்கிற இடத்துக்கு அதுதான் கொண்டுபோகுமாம். மிச்சத்தை ஈரல்ல இன்னொரு புரதம் பூட்டி வைக்குமாம். கிருமி பெருகறதுக்கும் இரும்பு வேணும். அதனால சீக்கு வந்தா மீனு இரும்பைக் கிருமிக்கு எட்டாம ஒளிச்சு வைக்குமாம். மீனுகூட சந்தேகப்பட்டுத்தான் உயிர் பிழைக்குது போல.

"அந்த நேரத்துல அளவில்லாம இரும்பைக் கொட்டினா, புரதத்தால பிடிச்சு வைக்க முடியாது ஆன்ட்டி. மிச்சம் கிருமிக்குத்தான் தீனி"ன்னா. அப்போ மாத்திரையாலதான் செத்துச்சான்னு கேட்டேன். ஏற்கெனவே சீக்கு மீனு, உறுதியா சொல்ல முடியாதுன்னுட்டா.

நல்லதுக்குத்தான் செஞ்சான்னா, நீங்க இருந்தப்பவே ஏன் வாயைத் திறக்கலை? அதையும் அவனைக் கேட்டேன். அண்ணன் விஷம் விஷம்னு கத்தும்போது எப்படிச் சொல்றதுன்னு அழுதான். அழுகையை வச்சு என்னத்தைக் கண்டுபிடிக்க?

ஆனா அவனா சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. கெட்டவன் தானே வந்து மாட்டிக்குவானா? இல்லை, திதி நெருங்குதுன்னு ஊர் வாய்க்குப் பயந்து வந்தானா?

உட்காரச் சொல்லிட்டேங்க. காக்காய்க்குச் சோறும் அவன் கையாலதான் வைப்பான். நீங்க வந்து தொட்டீங்கன்னா, சாகுற வரைக்கும் அவனை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், இது சத்தியம். ஆனா எங்கயோ மேயுற காக்கா எதுவும் வந்து கொத்திட்டுப் போயிடக்கூடாது. நீங்களா வாங்க. எனக்கு அடையாளம் தெரியும்.

பார்த்துக்கிட்டே நிக்கப்போற
உங்க வீட்டுக்காரி அஞ்சலை,
அசாம் ஜாவா