வில் தொங்கும் உயரம்

திருத்துறைப்பூண்டி
மார்ச் 12

அன்புத் தம்பி கிளாட்சனுக்கு அக்கா எழுதுவது. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

நாங்கள் எல்லோரும் நலம். ஆஷ்லினைப் போன ஞாயிற்றுக்கிழமை மயிலாடுதுறைக்கு அனுப்பிவைத்தோம். ஏழாம் மாதம், தலைப்பிரசவம், இனி அவள் அம்மா வீட்டில் இருப்பதுதான் முறை. கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வேறு குறை இல்லை. மாப்பிள்ளை நீ நியூசிலாந்தில் மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறாய் என்பது மட்டும்தான் அவள் வீட்டாருக்குத் தெரியும். கறக்கிற நேரம் போக மலைக்காட்டில் வில்லும் அம்புமாகத் திரிகிறாய் என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

நீ கேட்டதைத் தைத்து முடித்துவிட்டேன், இந்தக் கடிதத்தோடு வருகிறது. இரண்டு வாரமாகக் கடையில் இதே பேச்சுதான். நீ அனுப்பிய அளவுக்கு ஒட்டுப்பலகையில் ஒரு வில் அறுத்து, இரண்டு முனையிலும் உன் வில்லில் இருக்கிற கப்பிக்குப் பதில் பழைய தையல் மிஷின் சக்கரத்தைக் கட்டி, எடையும் உன் வில்லின் எடைக்குச் சரியாக்கினேன். அதை முதுகில் மாட்டிக்கொண்டு முள்ளியாற்றுக் கரையில் நடந்தால் ஊர் என்னை எப்படிப் பார்க்கும் என்று யோசித்துக்கொள். கடையில் என் கூட இருக்கிற லத்தீஃபா அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து நோன்போடு புரையேறிவிட்டது. இந்த வருஷம் அவர்கள் நோன்பும் நம் தவக்காலமும் ஒன்றாக வந்துவிட்டதால் கடையில் டீ கிளாஸ் காய்ந்து கிடக்கிறது. தன் மகன் ஃபாஜில் உன்னோடு ஒரே வீட்டில் இருந்தும் இந்தப் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறானே என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

உன் கேள்விக்கு வருகிறேன். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நாலு நாள் நடை, கை மரத்துவிடும், வழுக்கினால் ஊன்ற ஒரு கைதான் மிஞ்சும். பையின் நடுமுதுகில் கட்டினால் மேல் முனை தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு கிளையிலெல்லாம் மாட்டும். கடையில் வாங்கினாயே, இடுப்பு வாரில் கொக்கி போட்டு மாட்டுகிறது, அதன் படத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு பக்க இடுப்பில் இவ்வளவு பாரம் தொங்கினால் ரெண்டாம் நாளே தோல் உரிந்துவிடும். அதைத் தைத்தவன் ஒரு நாளாவது நடந்திருப்பானா?

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குப் பதினாறு வருஷமாகப் பை தைக்கிறேன். எந்தத் தோள் எந்த இடத்தில் புண்ணாகும் என்று பையைப் பார்த்தே சொல்வேன். பாரம் உயர்ந்தால் ஆளை ஆட்டும், தாழ்ந்தால் இடுப்பில் உட்காரும், அவ்வளவுதான் விஷயம். அதனால் பையின் அடியிலிருந்து தொங்குகிற மாதிரி ஒரு படுதா உறை தைத்திருக்கிறேன். வில்லின் கீழ் முனை அதில் இறங்கி உட்காரும், முழங்கால் உயரத்தில் நிற்கும். மேல் பாதியைத் தோளுக்குப் பின்னால் ஒரு பட்டை பிடித்துக்கொள்ளும். இரண்டு கையும் சும்மா இருக்கும். நான் இரண்டு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டேன், முதுகில் வில் இருப்பதே மறந்துபோனது.

வடகமும் வைக்க ஆசைதான். உங்கள் ஊரில் பார்சலைப் பிரித்து எறிந்துவிடுவார்களாம். அந்தக் கடைக் கொக்கியை யாருக்காவது கொடுத்துவிடு, வீட்டில் வைத்திருந்தால் அதைத்தான் மாட்டிக்கொண்டு போவாய். தவக்காலத்தில் மான் கறிக்கு அலைகிற ஒரே கத்தோலிக்கன் நீதான். போ, ஆனால் பத்திரமாகப் போ.

உன் அக்கா,
அருள்செல்வி

---

திருத்துறைப்பூண்டி
ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கிளாட்சன்,

முதலில் இதைப் படி. இறங்கும்போது வில்லை நான் தைத்த உறையில் வைக்காதே. கழற்றிவிடு. ஏறும்போது ஒன்றும் செய்யாது, இறங்கும்போதுதான். இதை எங்கே படிக்கிறாயோ அங்கேயே நின்று கழற்று. மீதியைப் பிறகு படி.

நான் தப்புப் பண்ணிவிட்டேன். இன்று காலை ஏற்காட்டிலிருந்து ஒரு வேன் வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் நம் கடை வாசலில் நின்றது. காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மா அறுந்த பை வாரைத் தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆணியில் தொங்கிய பலகை வில்லைப் பார்த்து என்னவென்று கேட்டார். எனக்குத்தான் பெருமை தாங்காதே. மாட்டிக்கொண்டு கடைக்குள் நாலு நடை நடந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “எல்லாஞ் சரிம்மா, எறங்குறப்ப?” என்று மட்டும் கேட்டார். ஏறுகிற மாதிரிதான் இறங்குவான் என்றேன். உங்க ஊர்ல மேடே கெடையாதா என்று கேட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கிற மாடிப்படியைக் காட்டினார்.

உன் பை எடைக்கு ஒரு பையில் அரிசியைப் போட்டு, அதோடு வில்லையும் மாட்டிக்கொண்டு ஏறினேன். சுகமாகத்தான் இருந்தது. திரும்பி இறங்கினேன். மூன்றாவது படியில் காலை வைத்ததும் வில்லின் கீழ் முனை எனக்குப் பின்னால் இருந்த படியில் போய் முட்டிக்கொண்டது. நான் கீழே போகிறேன், அது போகவில்லை. பையோடு சேர்த்து முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளின மாதிரி ஒரே தள்ளு. இரண்டு கையும் சும்மா இருக்கும் என்று உனக்கு எழுதினேன் அல்லவா, சும்மாதான் இருந்தது. பிடிக்க ஒன்றும் இல்லை. இது சரிப்படாது என்று லத்தீஃபா அக்கா கீழ்ப்படியில் வந்து நின்றிருந்தார், அவர் மேல் விழுந்தேன். அவருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. எனக்கு உதடு கிழிந்து இரண்டு தையல். அங்கே உனக்குக் கீழே லத்தீஃபா அக்கா நிற்கமாட்டார்.

அந்த அம்மா போகும்போது சொல்லிவிட்டுப் போனார், தோட்டத்தில் அவர்கள் யாருமே பாரத்தைத் தாழ்த்திக் கட்டுவதில்லையாம், ஏற்றிக் கட்டுவார்களாம். எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். வாய்க்கால் கரையைத் தவிர நான் எதிலிருந்து இறங்கியிருக்கிறேன்? என்னிடம் பை வாங்கியவர்கள் எல்லோரும் தார்ரோட்டில் நடந்தவர்கள். நீயும் பண்ணையில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்து, ஜோராக இருக்கிறது அக்கா, இந்தப் பண்ணை நம் ஊர் மாதிரியே தட்டை என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு லத்தீஃபா அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேனே, அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா.

பதினோரு தடவை கூப்பிட்டேன், போன் அணைந்திருக்கிறது. ஃபாஜிலைக் கூப்பிட்டேன். நீ மதியமே கிளம்பிவிட்டாயாம், தனியாக. இன்று ஆற்றோரக் குடிலில் படுத்து, நாளை ஏறி, சனிக்கிழமை மலை முகட்டில் இருப்பாயாம். அங்கே மட்டும் சிக்னல் உண்டு, அங்கிருந்து ஆஷ்லினுக்கு ஈஸ்டர் வாழ்த்து அனுப்புவதாகச் சொன்னாயாம். அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன். போனில் தமிழ் அடிக்க எனக்கு வராது, வாயால் பேசி அனுப்ப இந்த உதடு விடவில்லை. தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

வில்லை ஒரு கையில் பிடி, மறு கையில் ஒரு கம்பை ஊன்று. கை மரத்தால் மரக்கட்டும். இல்லை, பையின் மேல் பக்கம் ஏற்றிக் கட்டு, கிளையில் மாட்டினால் மாட்டட்டும், நின்று நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். அம்புகளின் முனைக்குத் துணி சுற்று. மான் கிடைத்துவிட்டால் அந்தக் கறியையும் சுமந்துகொண்டு இறங்குவாய், பாரம் இரட்டிப்பாகிவிடும். முடியாவிட்டால் எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வெறும் ஆளாக இறங்கி வா. யாரும் உன்னை ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் இனி எதற்கும் உன்னைத் திட்டமாட்டேன்.

படித்ததும் சரி என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்படா. நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அக்கா

---

திருத்துறைப்பூண்டி
ஏப்ரல் 22, செவ்வாய்

அன்பு ஃபாஜிலுக்கு,

ஆண்டவன் உனக்கு நல்ல உடம்பையும் தைரியத்தையும் தரட்டும். உன் அம்மா சலாம் சொல்லச் சொன்னார், பக்கத்தில்தான் இருக்கிறார். இதை லின்சியை விட்டு டைப் செய்து அனுப்புகிறேன். எதிர்வீட்டுப் பெண், வெளியே சொல்லமாட்டாள்.

நேற்று மதியம் இறங்கியிருக்க வேண்டியவன் இறங்கவில்லை, கார் மட்டும் அடிவாரத்தில் நிற்கிறது என்று நீ சொன்னதிலிருந்து எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. மேகம் இறங்கியிருப்பதால் ஹெலிகாப்டர் பறக்காது, நாளை விடிந்ததும் தேடும் குழு நடந்தே ஏறப்போகிறது, நீயும் உங்கள் பண்ணைக்காரரும் அவர்களோடு போகிறீர்கள் என்றாய். அவர்களிடம் சொல்வதற்காகச் சிலவற்றை எழுதுகிறேன், மொழிபெயர்த்துச் சொல்லிவிடு.

அந்த உறை கரும்பச்சை நிறம். மான் கண்ணில் படக்கூடாது என்று நான்தான் தேடி எடுத்த படுதா. ஆகவே நிறத்தை வைத்துத் தேட வேண்டாம். ஏறும் வழியில் தேடியும் பயனில்லை, ஏறும்போது அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முகட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், அது எனக்குத் தெரியும். முகட்டிலிருந்து இறங்குகிற பக்கம், படி மாதிரி பாறை இருக்கிற இடங்களில் முதலில் பாருங்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து பார்த்தபோது நான் அனுப்பியதற்கு இரண்டு டிக் விழுந்திருந்தது. உடனே கூப்பிட்டேன், அதற்குள் மறுபடி அணைந்துவிட்டது. ஆஷ்லினுக்கும் அப்போதுதான் வாழ்த்து வந்திருக்கிறது, முகட்டில் நின்று சிரிக்கிற படத்தோடு. ஆனால் என் கடிதத்துக்கு இன்று வரை டிக் நீலமாகவில்லை. அவன் திறக்கவே இல்லை ஃபாஜில். நாலு பக்கம் படம் எடுத்து அனுப்பினேன், அக்கா ஏதோ வழக்கமான வசைபாட்டு எழுதியிருக்கிறாள், கீழே போய்ப் படிக்கலாம் என்று நினைத்திருப்பான். வேறு என்ன நினைப்பான், நான் அப்படித்தானே எழுதுவேன். அன்றைக்கே இந்த லின்சியைக் கூப்பிட்டு ஒரு வரி அடித்திருந்தால் திறக்காமலே கண்ணில் பட்டிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

அவனைப் பார்த்ததும் பையைப் பிடித்துத் தூக்கிவிடாதே. அம்புகள் வலது பக்கம் இருக்கும், முனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முதலில் பார். இடது தோளுக்குக் கீழே அகலப் பட்டை ஒன்று போகும், அதை வெட்டு, பை தனியாக வந்துவிடும். அவிழ்க்கப் பார்க்காதே, அவிழாது. நல்ல கத்தியாக எடுத்துப் போ.

ஆஷ்லினுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுகிறாள். மலையில் சிக்னல் இருக்காது, ஒரு நாள் சேர்த்து இருந்துவிட்டு வருவதாகச் சொன்னான் என்று பொய் சொல்லியிருக்கிறேன். அவள் கூப்பிட்டால் நீயும் அதையே சொல். நாளை மாலைக்குப் பிறகு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதை நானே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். மயிலாடுதுறைக்கு வண்டி சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நீ மலை ஏறுகிறாய் என்று தெரிந்ததும் உன் அம்மா முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் தம்பியைத் தேட அவர் மகனை அனுப்ப எனக்கு என்ன உரிமை? வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். வீங்கின கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “போவட்டும் செல்வி. அவன் போவலன்னாதான் எனக்கு அவமானம்” என்றார். அதற்கப்புறம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் தம்பி. முதுகில் எதையும் தொங்கவிட்டுக்கொண்டு ஏறாதே. அவனைத் தூக்கிக்கொண்டு வரும்படி இருந்தால் நாலு பேராகத் தூக்குங்கள், முன்னால் பிடிக்கிறவர் ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்கட்டும். அவனுக்கு அவசரம் இருந்தால் ஓடி வாருங்கள். அவசரம் இல்லையென்றால், நீங்களும் அவசரப்பட வேண்டாம். நின்று நின்று மெல்ல இறங்குங்கள். உன் அம்மாவிடம் நான் உன்னை முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் செல்வி அக்கா