இரண்டு பச்சை

நீலசந்திரா,
திங்கட்கிழமை.

அன்பு மகள் மமதாவுக்குச் சித்தப்பா சாமிநாதன் எழுதுவது. தோஹா வெயிலில் உனக்கு ஒரு குறையும் வராமல் முத்துமாரி பார்த்துக்கொள்ளட்டும். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான், எனக்கு மனசுதான் சரியில்லை. இது இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். வைட்ஃபீல்டு வீங்கி வீங்கி நம்ம கீரைக்கொல்லை வரைக்கும் வந்து நிற்கும் என்று, உன் அப்பா ராஜேந்திரன் அந்த ஒன்றேகால் ஏக்கரை உன் பேரில் பதிந்த அன்றைக்கே சொன்னேன். மெட்ரோ வரும் என்றும் நான்தான் முதலில் சொன்னேன், எந்தத் தூண் எங்கே வரும் என்று குடையால் மண்ணில் கோடு போட்டுக்கூடக் காட்டினேன், அண்ணன் சிரித்தார்.

அடுத்த இருபது வருஷத்துக்கு எங்கே கட்டடம், எங்கே விவசாயம் என்று சர்க்கார் கலர் கலராகப் படம் போட்டது உனக்குத் தெரியும். மஞ்சள் என்றால் கட்டடம், பச்சை என்றால் விவசாயம், நம்முடையது பச்சை. பிளானிங் ஆபீசில் சேஷகிரி சார் எனக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, உங்க கொல்லையை எமன் வந்தாலும் தொட முடியாது சாமிநாதன் என்றார் என்று போன மாதம் போனில் சொன்னேனே, அதையே பக்கத்துப் பதினோரு குடும்பத்துக்கும் சொன்னேன். அவர்களில் ஆட்சேபணை எழுதி வைத்திருந்த முனிராஜு அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு எனக்குக் கோழி அடித்தான்.

நேற்று மாடிவீட்டு சோஃபியா டீச்சர் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினாள். அங்கிள், இதுல பச்சையே ரெண்டு இருக்கு, உங்களுது ராகி விளையற பச்சை இல்ல, பார்க் பச்சை என்றாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எதிரே மஞ்சளில் எழும்பப்போகிற அபார்ட்மெண்ட்காரர்கள் காற்று வாங்கவும் நாயை நடத்தவும் நம்ம பன்னிரண்டு பேர் நிலத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இன்று காலையிலும் அரைக்கீரைக் கட்டோடு சிவாஜிநகர் பஸ் ஏறி, எங்க கொழுந்தன் ஆபீசரையே மடக்கிட்டாரு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்களாம், புது விதை வேறு வாங்கி வந்திருக்கிறார்கள். ஒரே பந்தியில் நாற்பது இட்லி சாப்பிட்டவன் நான், நேற்றிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை.

வியாழன் சாயங்காலம் ஐந்து மணியோடு ஆட்சேபணைக்குக் கெடு முடிகிறது. நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும், அது நீ. சோஃபியா எழுதிய மனுவையும் இந்தக் கடிதத்தையும் படம் பிடித்துப் போனில் அனுப்புகிறேன், பார்த்த உடனே கையெழுத்துப் போட்டு ஈமெயில் பண்ணு, டியூட்டி முடியட்டும் என்று தள்ளிவைக்காதே, உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். நாளைக்கு விடிந்ததும் நான் பதினோரு வாசலும் ஏறிக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். உங்க சேஷகிரி சார் என்ன சொல்றாரு என்றுதான் முதலில் கேட்பார்கள்.

நீ நூறு வயசு நன்றாக இரு தாயி, வேளைக்குச் சாப்பிடு, சர்வே நம்பரைத் தப்பில்லாமல் போடு. அவர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்லிவிடுகிறேன். சேஷகிரி என்று யாரும் இல்லை மமதா. அன்றைக்கு நான் அந்த ஆபீசுக்கு உள்ளேயே போகவில்லை. வாசலில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள், முழுக்கக் கன்னடம், எனக்குப் பேச வருமே தவிர எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஆகட்டும் என்று பேகா பேகா போட்டு இடித்தார்கள். ஃபாரத்தை மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உன் சித்தப்பா,
சாமிநாதன்