நீ தாழ்த்திக் கட்டிய கை

பாலாநகர், ஹைதராபாத்
9-3-1984

அன்பு மகன் நெய்னா முஹம்மதுவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், சவூதியில், தம்மாமில் நீயும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, உட்கார்ந்துதான் தொழுகிறாள். உன் தங்கை ஜுலைகா பரீட்சைக்குப் படிக்கிறாள், தமிழில் கேட்டால் உருதுவில்தான் பதில்.

நீ போனதிலிருந்து வாப்பா ஏன் எழுதவில்லை என்று உம்மாவிடம் கேட்டிருந்தாய். உன் சம்பந்தம் பேசி முடித்த அன்று, பெண்ணின் வாப்பா தஸ்தகீர் சாஹிபோடு காலனிப் பள்ளிவாசலில் அந்தி மஃரிபு தொழுதோமே, என் பக்கத்தில் நின்ற நீ கையைத் தொப்புளுக்குக் கீழே தாழ்த்திக் கட்டினாய், ருகூவுக்குக் குனியும்போது கை உயர்த்தவில்லை, பாத்திஹா முடிந்ததும் சத்தமாக ஆமீன் சொன்னவன் நான் ஒருவன்தான். காயல்பட்டினத்தில் நம் வம்சமே ஷாஃபி முறையில் கை உயர்த்தித் தொழுவது, இங்குள்ளவர்கள் ஹனஃபி, இரண்டும் சரிதான், நீ இங்கே வளர்ந்தவன், அதற்கு நான் வருந்தவில்லை. வெளியே நான் செருப்பு மாட்டக் குனிந்தபோது, உன் வாப்பா ஏன் கையை உயர்த்துகிறார் என்று சாஹிப் உன்னிடம் கேட்டார். அவருக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை, படிக்காத ஜனங்கள் பழக்கம், ஜானே தோ, விட்டுவிடுங்கள் என்று நீ சிரித்தாய். உனக்கு அந்தப் பாத்திஹாவை, அல்ஹம்து சூராவை ஓதக் கற்றுக்கொடுத்தவன் இந்தப் படிக்காதவன்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போயிருப்பேன்.

போன ஞாயிறு நிக்காஹ் தேதி பேச சாஹிப் வந்தார். மஃரிபு பாங்கு கேட்டதும், வீட்டிலேயே தொழுவோம், நீங்கள் இமாமாக நில்லுங்கள் என்றார். எனக்கு ஒழுங்காகத் தெரியாது என்று என் மகன் சொன்னானே என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஹவ், ஆமாம், கேட்டேன், ஆனால் குறையாகக் கேட்கவில்லை, இங்கே பார்கஸ் பகுதியில் அரபு வம்சத்தார் இப்படித்தான் தொழுகிறார்கள், நீங்களும் அந்த வழியா என்று அறியத்தான் கேட்டேன், பையன் சொன்ன பதிலில் எனக்கே கூச்சமாகிவிட்டது என்றார். நான் முன்னே நின்றேன். பாத்திஹா ஓதி முடித்தேன், ஆமீனை எனக்குள்ளேயே சொன்னேன். பின்னாலிருந்து அவர் சத்தமாகச் சொன்னார்.

ஷவ்வாலில் நிக்காஹ். அந்தப் பெண்ணை நல்லபடி வைத்துக்கொள். வரும்போது உம்மாவுக்குத் தைலம் வாங்கி வா, ஐந்து வக்துத் தொழுகையையும் விடாதே. கையை எங்கே கட்டினாலும் எனக்கு ஒன்றுதான், ஆனால் என்னைப் பற்றி இனி யாருக்கும் விளக்கம் சொல்லாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
செய்யிது இபுராகிம்